மேற்குமலையின் பெயர்

பிப்ரவரி 10

கொத்தலூர் வந்து சேர்ந்தேன். பயணியர் விடுதியில் அறை. குழாயில் தண்ணீர் வருகிறது, மின்விசிறி சுற்றுகிறது. இதற்கு மேல் அரசாங்கத்திடம் எதிர்பார்ப்பது பேராசை. கொசுவலையில் ஒரு கிழிசல் இருக்கிறது. ஊசியும் நூலும் வாங்க வேண்டும்.

வேலை இதுதான். கொத்தலூர் மலைத்தொடரின் வரைபடம் புதிதாக அச்சாகப்போகிறது. அதற்கு முன்னால், அதில் இருக்கும் பெயர்கள் சரிதானா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு உறுதி செய்ய வேண்டும். மார்ச் பதினைந்தோடு பட்டியல் மூடப்படும். அதன் பிறகு ஒரு மலைக்குப் பெயர் மாற்ற வேண்டுமென்றால் அடுத்த பதிப்புதான். அதற்குள் நான் ஓய்வுபெற்று, என் பெயரையே அலுவலகம் மறந்திருக்கும்.

கொழுந்தனார் செழியன் இரண்டு முறை போன் செய்திருக்கிறார். ஜீப் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

வெளியே போகவில்லை. பழைய வரைபடத்தைக் கட்டிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடர் வடக்கே தொடங்கித் தெற்கே இறங்குகிறது. மூடிய கையின் முட்டிகள் மாதிரி ஐந்து சிகரங்கள். மேற்குச் சரிவு வறட்டுச் சரிவு. பாறையும் முள்ளும்தான். கிழக்குச் சரிவில் மழை தங்குவதால் ஓடைகளெல்லாம் அந்தப் பக்கம் பிறக்கின்றன. கொத்தலூர்த் தொடர் என்பது அளக்க வந்தவர்கள் வைத்த பெயர். அடிவாரத்தில் கொத்தலூர்ச் சந்தையில் கூடாரம் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். வேறொரு ஊரில் கூடாரம் போட்டிருந்தால் வேறொரு தொடர் ஆகியிருக்கும். டீக்கடைக்காரரிடம், "இந்தத் தொடருக்கு இங்கே என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "தொடருன்னா? அது மலைங்க," என்றார்.

இனி சிகரங்களின் பெயர்கள். மேற்குமலை. உயரமலை. ஓடைக்குப் பின்மலை. மாட்டுவழிமலை. அந்தாண்டைமலை.

முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு மலைக்காவது சாமி பெயரோ, பேய் பெயரோ, செத்தவன் பெயரோ இல்லாத தொடரை நான் பார்த்ததில்லை. இங்கே ஐந்தும் வழி சொல்வது மாதிரி இருக்கின்றன. அந்தாண்டைமலை என்று பெயர் வைக்க ஒரு ஊருக்கே சோம்பல் பிடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 13

டிரைவர் மாதையனோடு நெல்லிக்கோம்பை போனேன். மேற்குமலைக்குக் கீழே இருக்கும் ஒரே ஊர். முப்பது நாற்பது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊர் முழுக்கப் பெண்கள்தான். பொங்கல் முடிந்ததும் ஆண்களெல்லாம் போர்வெல் லாரியில் வடக்கே போய்விடுகிறார்கள். இனி ஆடிக்குத்தான் வருவார்கள். நடக்க முடிகிற கிழவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஆண்டி, மற்றவர் கரியன்.

ஆண்டி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மலை எங்க அனுபோகத்துல இருக்குதுன்னு மனு குடுத்தமுங்க. கடுக்கா, சீமாத்துப்புல்லு, மாடு மேய்க்கறது, மேல கோயிலு, எல்லாம் எழுதிக் குடுத்தோம். சடையன்மலைன்னு ஒரு மலையே படத்துல கெடையாதுன்னு திருப்பிட்டாங்க. சித்திரை கழிஞ்சா பாரஸ்ட்டுக்காரங்க வேலி போடறாங்களாம்."

"சடையன்மலையா?"

"அதான், தா நிக்குதே," என்று மேற்குமலையைக் காட்டினார்.

கரியனிடம் தனியாகக் கேட்டேன். அவரும் சடையன்மலை என்றார். விதிப்படி மூன்று சாட்சிகள் வேண்டும். மூவரும் அந்த மலைக்கு மிக அருகிலுள்ள ஊரில் வசிப்பவர்கள், நாற்பது வயது தாண்டியவர்கள். பெயர் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும், நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எளிது என்று நினைத்தேன். தொட்டியடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இந்த மலைக்கு என்ன பேரு?"

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "மேக்கு மலைங்க," என்றாள் ஒருத்தி. "மேக்கால இருக்குதில்லீங்க, அதான்." மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 14

கொசுவலையைத் தைத்தேன். செழியன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, இது போதுமா அண்ணி, பெரிதாக்கினால் கலங்கித் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். போதும் என்று பதில் போட்டேன். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த படம்தான்.

பிப்ரவரி 17

மர்மம் விலகியது. விலக்கியவள் பொன்னுருவி. நாற்பத்திரண்டு வயது. ஓடைக்கரையில் துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப்புல் அறுத்துக்கொண்டிருந்தாள். தொட்டியடியில் சிரிக்காமல் நின்றிருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவளைத் தேடிப் போனேன்.

"உங்களுக்கும் மேக்கு மலைதானா?" என்றேன்.

அறுப்பை நிறுத்தாமலே சொன்னாள். "மேடம், எங்கூருல ஒவ்வொரு ஊட்டுலயும் மூத்த பையனுக்கு மலையோட பேருதான் வைப்பாங்க. ஊர்க்கவுண்டரு மாமா எளையவரு. அவுரு அண்ணனுக்கு அந்தப் பேரு. எனக்கு ஊட்டுக்காரரு பேரு. கோடி ஊட்டுக்காரிக்கு மாமனாரு பேரு. பக்கத்தூட்டுல கொழுந்தனாருக்கு மூத்தவரு பேரு. ஆரு சொல்லுவா சொல்லுங்க?"

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, அவனுக்கு மூத்தவர்கள் பெயரையும் சொல்லக் கூடாது. எனவே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணாலும் தலைக்கு மேலே நிற்கிற மலையின் பெயரைச் சொல்ல முடியாது. முந்தைய பதிப்புக்கு ஆள் வந்ததும் போர்வெல் காலத்தில்தான் இருந்திருக்க வேண்டும். பெண்களைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் மரியாதையாக வழி சொல்லியிருக்கிறார்கள். அதை அச்சடித்து அரசு முத்திரையும் போட்டுவிட்டோம்.

"சொன்னால் என்ன ஆகும்?"

"ஒருக்காச் சொல்லலாமுங்க. அவுங்க செத்து வருசம் ஆவறன்னைக்கி, கூப்பாட்டுப் பாறையில நின்னு மலையப் பாத்து ஒருக்காக் கூப்புடணும். பேர எறக்கி வெக்கிறதும்பாங்க. அப்பறம்தான் அந்தப் பேரைப் பொறக்கற கொழந்தைக்கி வைக்கலாம். அதுக்கப்பறம் நாம சொல்லப்படாது. பொம்பளைக்கி ஆயுசுக்கு ஒருக்காத்தான்."

"உயிரோடு இருக்கும்போது சொன்னால்?"

அரிவாளை நிறுத்தினாள். "செத்துட்டாருன்னு சொன்ன மாதிரிங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் மாமனார் சுயமரியாதைக் கட்சி. திருமணத்தன்று மாமியார் எனக்குச் சொன்ன முதல் புத்திமதியே, "அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடு. வாங்க போங்க என்றாயானால் எனக்குப் பிடிக்காது" என்பதுதான். இருபத்தாறு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். மாடியிலிருந்து கத்துவேன், தெருமுனை வரை கேட்கும்.

பிப்ரவரி 18

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, பெண் சாட்சி விதியைத் தளர்த்த முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இளைய அதிகாரி. "மேடம், கூட்டத்துல மேசையைத் தட்டி அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதானே?" என்றார். ஆமாம், நான்தான். ஊர்ப்பெயரையெல்லாம் ஆண்களிடம் மட்டுமே கேட்கிறோம் என்று சண்டை போட்டேன். இன்றைக்கும் அது நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எரிச்சலாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஆண்டியிடம், புருஷனை இழந்த பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரும் பேரை இறக்கியாகிவிட்டது என்றார். பிறகு தரையைப் பார்த்தார். 

திரும்பும் வழியில் மாதையன்தான் சொன்னார். "பொன்னுருவிய நெனச்சிருப்பாரு மேடம். அது ஊட்டுக்காரன் லாரியில போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ராவுல எங்கியோ ஒரு ஆத்தோரம் வண்டிய நிறுத்தியிருக்காங்க. குளிக்கப் போனவன் திரும்பலையாம். தேடிப் பாத்துட்டு வண்டி கெளம்பிருச்சு. பொணமும் கெடைக்கல, ஆளும் வரல. ஊரு அவனச் செத்தவன் கணக்குல வெச்சிருச்சு. அது மட்டும் ஒத்துக்கல."

ஆக, நெல்லிக்கோம்பையில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய பெண் ஒருத்திதான் மிச்சம். சொன்னால் ஊருக்கு மலை கிடைக்கும். புருஷன் செத்தவன் ஆகிவிடுவான்.

பிப்ரவரி 23

மற்ற நான்கு மலைகளும் முடிந்தன. அங்கேயும் இதே வழக்கம்தான். ஆனால் அந்த ஊர்களுக்குத் தார்ச்சாலை போனதால், கொஞ்ச காலமாகவே பிள்ளைகளுக்குப் பெயர் மாறிவிட்டது. அந்தாண்டைமலையின் அடியில் ஒரு பெண்மணியைக் கேட்டேன். "வேடிமலை," என்று பளிச்சென்று சொன்னார். புருஷன் பெயர் சதீஷ்குமாராம். மாமனாருக்கு ராஜேந்திரன். சதீஷ்குமார்களால் வேடிமலை பிழைத்தது.

உயரமலை இனி கரியன்மலை. ஓடைக்குப் பின்மலை பொங்கன்மலை. மாட்டுவழிமலை குழந்தையன்மலை. ஐந்து அண்ணன் தம்பிகள் வடக்கிலிருந்து நடந்து வந்து, தண்ணீர் தாகத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்களாம். எல்லோருக்கும் முன்னால் நடந்தவன் சடையன். இப்போது வரைபடத்தில் தம்பிகள் நால்வரும் இருக்கிறார்கள். அண்ணன் இடத்தில் மேற்குமலை என்று நிற்கிறது.

உள்ளங்கால் வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

மார்ச் 1

துணி துவைத்தேன். பயணப்படிக்கு எழுதிப் போட்டேன். என் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தேன். அந்த எண்ணுக்கும் செய்தேன்.

செழியன் பேனரின் மாதிரியை அனுப்பியிருக்கிறார். முதலாமாண்டு நினைவு நாள், படத்திறப்பு, இருபத்தொன்றாம் தேதி மாலை. "பெயர், தேதி எல்லாம் சரியா என்று பாருங்கள் அண்ணி. நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்." சரியாக இருக்கிறது என்று எழுதினேன். பேசுவதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 4

பொன்னுருவி வீட்டுக்குப் போனேன். அலுவலாகத்தான் போனேன். சாட்சி சொல்ல விருப்பமா, இல்லையா என்று ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு அதிகாரமில்லை.

கேழ்வரகுக் களியும் கீரையும் கொடுத்தாள். சாப்பிடும்போது கேட்டேன்.  தன் போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றது.

"தெனமும் இதத்தான் சொல்றா. எல்லைக்கு வெளியன்னா எங்கியோ இருக்காருன்னுதானுங்களே அர்த்தம்?"

"இரண்டு வருஷமாக எண் ரத்தாகாமல் எப்படி இருக்கிறது?"

"மாசாமாசம் நாந்தான் காசு போடறேன். கொத்தலூர்ச் சந்தைக்கிப் போறப்ப."

களியைக் கீழே வைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

"ஊருல ஆரும் என்னைய ஒண்ணும் கேக்கல மேடம். கேட்டாக்கூட சண்டை போட்டுருவேன். கேக்காம, தொட்டியில எனக்கு மொதல்ல கொடத்த வெக்க வுடறாங்க. அதத்தான் தாங்க முடியல." பிறகு, "வேலி போட்டுட்டா இந்தப் புல்லும் இல்ல, கடுக்காயும் இல்ல. பொம்பளைங்க எல்லாரும் மில்லுக்குப் போவணும். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

 அவளே பேச்சை மாற்றினாள்.

"உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

"இல்லை. போன வருஷம் தவறிட்டார்."

"ஐயோ. வருசம் ஆயிடுச்சுங்களா? பேர எறக்கிட்டீங்களா?"

"எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வாயில் கை வைத்துச் சிரித்தாள். "பேரு சொல்லியா! கோவிச்சுக்க மாட்டாருங்களா? அவரு பேரு என்னங்க?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

மார்ச் 5

ஜீப் வந்தது உண்மைதான். ஆனால் மாதையன் ஹாரன் அடிக்கவில்லை. அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

மார்ச் 9

ஆண்டி விடுதிக்கே வந்துவிட்டார். வரும்போது தேன் கொண்டுவந்தார், வாங்க மறுத்தேன். அவர் வருத்தப்பட்டார்.

"நீங்க சொன்னா அவ கேப்பாளுங்க. ஒரு வார்த்தை. ஊருக்கே சோறு அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்குது. நான் அவளுக்கு மாமன் மொறை, என் வாயால எப்படி உன் புருசன் செத்துட்டான்னு சொல்லும்மான்னு கேப்பேன்?"

"நான் மட்டும் எப்படிக் கேட்பேன்?"

"நீங்க கெவருமெண்டு."

கோபம் வந்துவிட்டது. கேட்பதுதான் என் வேலை, சொல்ல வைப்பது என் வேலையில்லை என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பெரியவர் கும்பிட்டுவிட்டுப் போனார். யார் மேல் கோபம் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் இல்லை.

கோப்பில் மேற்குமலைக்கு எதிரே "நாட்டுப்புறப் பெயர் உறுதிப்படவில்லை" என்று பென்சிலால் எழுதினேன். பேனாவால் எழுதக் கை வரவில்லை.

மார்ச் 12

மாதையன் மூலமாகச் சேதி வந்தது. பொன்னுருவி நாளை வரச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் வேண்டாம், கூப்பாட்டுப் பாறைக்கு வர வேண்டுமாம். சாட்சி சொல்வதைப் பதிவு செய்கிற அந்த மெசினையும் கொண்டுவரச் சொன்னாளாம்.

மார்ச் 13

வருவாய்த் துறை சார்பில் ஆர்.ஐ. திருமூர்த்தி வந்தார். பாறை ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலையிலேயே பாறை சுட்டது. அவர் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார்.

கூப்பாட்டுப் பாறை ஊருக்கு மேலே ஒரு நீளமான கரடு. எதிரே, இடையில் ஒரு பள்ளத்தாக்கை விட்டு, மேற்குமலை முழுதாகத் தெரிகிறது. அடியில் புல், நடுவில் மூங்கில், உச்சியில் சாம்பல் நிறப் பாறை. வரைபடத்தில் பார்த்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டி சொன்னார். பதிவானது. கரியன் சொன்னார். அதுவும் பதிவானது. பொன்னுருவி வந்து நின்றாள். இடுப்பில் அரிவாள், முந்தானையில் புல் தூசி. வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

நான் விதிப்படி கேட்டேன். "எதிரே தெரியும் மலையின் பெயர் என்ன?"

"மேடம், கேள்விய நல்லாக் கேளுங்க. மலையத்தானக் கேக்கறீங்க?"

"மலையைத்தான்."

"வேற ஆரையும் கேக்கலையே?"

"இல்லை."

"இதும் அந்த மெசினுல ஏறுதுங்களா?"

"ஏறுகிறது."

திரும்பி மலையைப் பார்த்து நின்றாள். முதலில் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. இருமினாள். பிறகு கூப்பிட்டாள். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அது ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன குரல் இல்லை. மேய்ச்சலுக்குப் போனவரைச் சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி, கடைசி எழுத்தை இழுத்து, "சடையா" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, தாழ்ந்த குரலில், "மலை" என்று சேர்த்தாள்.

 திருமூர்த்தி, பாவம், நல்ல மனிதர்தான், ஆனால் கடமை உணர்ச்சி அதிகம். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அமுக்கினார். கருவி அவள் குரலில் அந்தப் பெயரை மறுபடி கூப்பிட்டது. பெண்கள் பக்கம் ஒரே பதற்றம். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அது மெசினு சொன்னது," என்றாள் பொன்னுருவி. "நான் ஒருக்காத்தான் சொன்னேன்."

அப்புறம் ஆண்டியின் மனைவி எழுந்து வந்தார். பெயரை இறக்கியதும் மெட்டியைக் கழற்றுவது மூத்த பெண்ணின் கடமையாம். அழுதுகொண்டே குனிந்தார். பொன்னுருவி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மெட்டியத் தொடாதீங்க அத்தை. மேடம் கேட்டது மலைய. நான் சொன்னதும் மலைய."

அந்த அம்மாள் குனிந்தபடியே என்னைப் பார்த்தார். அரசாங்கம் என்ன சொல்கிறது என்று கேட்பது மாதிரி இருந்தது. "நான் மலையைத்தான் கேட்டேன்," என்றேன். பதிவில் அதுவும் இருக்கிறது. அவர் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்ற பெண்களை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கையெழுத்து வாங்க நானும் பொன்னுருவியும் மட்டும் நின்றோம். பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பயமா இருக்குதுங்க மேடம். அவரு உசுரோட இருந்து, இது காதுக்குப் போச்சுன்னா, என்னைய அதுக்குள்ள கொன்னுட்டியாடின்னு கேப்பாரு."

"என்ன சொல்வீங்க?"

"மலைய வாங்கி வெச்சிருக்கேன், வந்து மாட்ட மேய்ங்கன்னு சொல்லுவேன்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாறையில் உட்கார்ந்து அழுதாள்.

கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. சாட்சியைத் தொடக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் கையெழுத்துப் போட்டாள். இனிஷியல் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 15

பட்டியல் அனுப்பியாகிவிட்டது. பென்சில் குறிப்பை ரப்பரால் அழித்தேன். விடுதியைக் காலி செய்தேன். கொசுவலையை அடுத்து வருபவருக்காக மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21

படத்திறப்பு. மண்டபம் நிறைந்திருந்தது. அவருடைய அலுவலக நண்பர்கள், இயக்கத் தோழர்கள், என் பக்கத்து உறவுகள் எல்லோரும் வந்திருந்தார்கள். பேசியவர்களெல்லாம் பெயரை வாய் நிறையச் சொன்னார்கள். தோழர் என்று முன்னால் சேர்த்தும், சேர்க்காமலும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்னை விட்டுவிட்டுப் போனாயேடா என்று திட்டினார்.

என்னைப் பேச அழைத்தார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி என்றேன். அது எனக்கே வரவேற்புரை மாதிரிதான் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

செழியன் காபி கொண்டுவந்து கொடுத்தார். "பரவாயில்லை அண்ணி," என்றார். ஒரு வருஷமாக நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

மார்ச் 23

ஞாயிறு. மோர்க்குழம்பு வைத்தேன். பரணைச் சுத்தம் செய்யலாம் என்று ஏணியை எடுத்தபோது போன் வந்தது. பொன்னுருவி.

"மேடம், படம் வந்திருச்சுங்களா?"

"அச்சாக ஆறு மாசமாவது ஆகும். பட்டியலை ஏத்துக்கிட்டாங்க. உங்க மனுவையும் திரும்ப எடுத்திருக்காங்களாம்."

"ஊர்க்கவுண்டரு மாமாவுக்கு ஓலை வந்துச்சுங்க. அதுல பேரு நல்லாப் போட்டிருக்குதாம். படிச்சுக் காட்டினாங்க." பிறகு, "படத்துலயும் சரியா வருமுங்களா? நீங்க ஒருக்காச் சொல்லுங்களேன், கேக்கறேன்."

"சடையன்மலை," என்றேன்.

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.  பிறகு, நேற்றும் எண்ணைப் போட்டுப் பார்த்ததாகவும், எல்லைக்கு வெளியேதான் என்று சொன்னதாகவும் சொன்னாள். சந்தைக்குப் போகும்போது இந்த மாதமும் காசு போடுவாளாம். நானும் போடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"உங்க ஊட்டுக்காரருக்கு வருசம் முடிஞ்சுதுங்களா?"

"நேத்து முன்தினம்."

"பேர எறக்கினீங்களா?"

"இல்லை," என்றேன். "எல்லோரும் சொன்னாங்க. எனக்கு வரலை."

"வராதுங்க," என்றாள். "எனக்கும் அன்னைக்கி மொதல்ல வரலையே. பாத்தீங்கல்ல, இருமினேன்." பிறகு அன்றைக்குக் கேட்டதையே கேட்டாள். "அவரு பேரு என்னங்க?"

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். இந்த முறை ஜீப் எதுவும் வரவில்லை.

"அறவாழி," என்றேன்.

"காத்து அடிக்குதுங்க மேடம், சரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.